ஆராய்ச்சிக்கு ஆளுக்கு ஐந்து பொட்டு

1. ஓரம்

நெடுஞ்சாலைத் துறையில் புதிதாகச் சேரும் பொறியாளர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போட்ட ரோடு ஏன் சார் மறுபடி மறுபடி போவுது?" நானும் கேட்டேன். என் அன்றைய மேலதிகாரி, "டீ சாப்பிட்டியா?" என்றார். பாதி சர்வீஸைத் தாண்டிவிட்ட நான் இன்று அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்கிறேன். துறையில் அறிவு இப்படித்தான் கைமாறுகிறது. இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு டீ வாங்கித் தர வழியில்லாததால், ஒரே ஒரு சாலையின் கதையைச் சொல்கிறேன்.

கீழ்வேளூர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்துக்குப் போகிற ஒற்றைத் தடச் சாலை அது. இரண்டு பக்கமும் நடவு தொடங்கி அறுப்பு வரை தண்ணீர் நிற்கும். அடியில் களிமண். அந்த மண் காய்ந்தால் கல், நனைந்தால் அல்வா. அதன்மேல் நாங்கள் ஜல்லி கொட்டி, உருட்டி, தார் போட்டுவிட்டு, அது அசையாமல் நிற்கும் என்று கையெழுத்தும் போட்டு வந்தோம்.

இதற்கு மேல் ஒரு சம்பிரதாயம் வேறு இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் உழவுக்கு முன்னால் அண்டை வெட்டுவார்கள். வரப்பின் பக்கவாட்டுப் புல்லையும் மண்ணையும் மண்வெட்டியால் செதுக்கி வயலுக்குள் தள்ளுகிற வேலை அது. சாலையை ஒட்டிய வயல்காரருக்கு நெடுஞ்சாலையின் ஓரம்தான் வரப்பு. ஆகவே அவர் போகத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையைச் செதுக்குவார். அபகரிக்கும் எண்ணமெல்லாம் கிடையாது, சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான். அப்படிச் சுத்தம் செய்து செய்து, தாருக்கு வெளியே இருக்க வேண்டிய மண் ஓரம், எங்கள் பாஷையில் பெர்ம், ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு வந்துவிட்டது. பிடிமானம் இல்லாமல் தார் விளிம்பு கடித்த முறுக்கு மாதிரி உடைந்துகொண்டே வந்தது.

அந்த ஊராட்சியின் தலைவி செல்வராணி. அவருடைய அம்மாவும் அப்பாவும் அதே வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் பி.ஏ. படித்து, குத்தகைக்கு நிலம் பிடித்து, தேர்தலிலும் நின்று ஜெயித்தவர். பேச்சில் என்னைவிட இரண்டு சம்பளக் கமிஷன் முன்னால் இருந்தார். தினமும் காலையில் நான் பல் தேய்க்கிற நேரமாகப் பார்த்து போன் வரும்.

"ஏ.டி.இ. சார், வணக்கம். நம்ம ரோடு கொஞ்சம் மிச்சம் இருக்கு. வந்து கடைசியா ஒரு தடவ மூஞ்சியப் பாத்துக்குறீங்களா?"

ஏ.டி.இ. என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர். அதாவது நான்.

அன்று போய் நின்றபோது அவர் விளையாட்டுக்கு அழைக்கவில்லை என்று தெரிந்தது. ஊருக்கு வருகிற ஒரே பஸ்ஸை நிறுத்தப் போவதாக டெப்போவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எதுக்க வண்டி வந்தா ஒதுங்க எடமில்லையாம். சாஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள ஓரத்தச் சரி பண்ணலன்னா மெயின் ரோட்டோட திரும்பிருவாங்களாம்" என்றார் செல்வராணி. "எம் பொண்ணு வர்ற வருஷம் பிளஸ் டூ சார். இந்த ஊர்லேருந்து பஸ் ஏறிப் படிக்கிற புள்ளைங்க அம்புட்டும் மழையில வயக்காட்டு நடுவுல நடக்கணும். பாதிப் பேர நிறுத்திருவாங்க. பொம்பளப் புள்ளைங்களத்தான் மொதல்ல நிறுத்துவாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனால் எங்கள் பராமரிப்பு நிதிக்கு ஒரு குணம் உண்டு. அதில் மேலே தார் போடலாம். ஓரத்தை உயர்த்தவோ, தண்ணீர் வடிய வழி செய்யவோ அதில் செலவுத் தலைப்பு கிடையாது. காய்ச்சல்காரருக்குப் பவுடர் மட்டும் பூசலாம் என்று ஆஸ்பத்திரியில் விதி இருந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கோட்டப் பொறியாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர். மேலிடம் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார்.

"யோவ், அடுத்த சில வருஷத்துக்கு ரோடு ஆராய்ச்சி எதெதுல பண்ணணும்னு முன்னுரிமை போடறாங்களாம். தஞ்சாவூர்ல ரெண்டு நாள் கூட்டம். நம்ம சார்பா ஒரு டாபிக் வேணும். நீதான் புஸ்தகமா வாங்கி அடுக்குற ஆளாச்சே, ஒண்ணு எழுதிக் குடு."

"ஜெயிச்சா என்ன சார் கெடைக்கும்?"

"முதல் மூணு டாபிக்குக்கு ஆளுக்கு ஒரு ட்ரையல் ஸ்ட்ரெச். எந்த ரோட்டுல வேணா போட்டுப் பாத்துக்கலாம். ஆராய்ச்சி நிதி, தலைப்புத் தொந்தரவு இல்ல."

செல்வராணியிடம் திரும்பி, "பஸ்ஸுக்கு ஒரு வழி இருக்கு" என்றேன். நான் அவருக்குக் கொடுத்த வாக்குறுதிகளிலேயே மிக அவசரமானது அதுதான்.

2. பொட்டு

கூட்டம் ஒரு ஏ.சி. மண்டபத்தில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு தலையாட்டி பொம்மை பரிசாகக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் சொன்னதையெல்லாம் ஆமோதித்தவை அவையும் எங்கள் கோட்டப் பொறியாளரும்தான்.

சுவர் நெடுக வெள்ளை சார்ட் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆராய்ச்சித் தலைப்பு எழுதியிருந்தார்கள். விரிசல் விட்டால் தானே ஆறிக்கொள்கிற தார். ட்ரோன் விட்டுப் பள்ளங்களை எண்ணுதல். பழைய பிளாஸ்டிக் கலந்த சாலை. பள்ளம் விழுவதற்கு முன்பே சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு. கடைசியில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், என்னுடையது: "நஞ்சைக் களிமண் பகுதிகளில் சாலை ஓரமும் நீர் வடிதலும்". மற்றதெல்லாம் விண்வெளித் திட்டம் மாதிரி இருக்க, என்னுடையது மனுநீதி நாள் மனு மாதிரி இருந்தது.

முறை இதுதான். ஒவ்வொருவருக்கும் ஐந்து வட்ட ஸ்டிக்கர். எந்தத் தலைப்பு முக்கியம் என்று படுகிறதோ அதில் ஒட்டலாம். ஐந்தையும் ஒன்றிலேயே ஒட்டலாம், பிரித்தும் ஒட்டலாம். முதல் நாள் ஒரு வெள்ளோட்டம், இரண்டாம் நாள் களப்பயணம் போய் வந்ததும் ஒட்டியதை இடம் மாற்ற நினைப்பவர்கள் மாற்றலாம், அதுதான் இறுதி வாக்கு. வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் அந்த ஸ்டிக்கரைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். கடைக்குப் போனவர் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

இந்த நாட்டின் சாலை ஆராய்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை, மீசை நரைத்த முதுநிலைப் பொறியாளர்கள் கட்டை விரலில் ஆளுக்கொரு பொட்டை ஒட்டிக்கொண்டு, சுவர் சுவராக நடந்து தீர்மானித்த காட்சியை நான் பார்த்தவன். ஒருவர் யோசித்தபடியே நெற்றியைச் சொறிந்தார். பொட்டு அங்கேயே தங்கிவிட்டது. சாயங்காலம் வரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் நான் ஓட்டு கேட்கக் கிளம்பினேன். தானே ஆறும் தாரின் சொந்தக்காரர் ஒரு பேராசிரியர், ரகுராமன். வெளியூர்க் கல்லூரி. வெள்ளை ஷூ.

"உங்க டாபிக்ல புதுமை இல்லையே சார்" என்றார் தட்டில் பொரியலை வாங்கிக்கொண்டே. "தண்ணி வடிய வழி பண்றதெல்லாம் ராஜாக்கள் காலத்துலேயே இருக்கே."

"ஆமா சார். எங்க ரோட்டுக்குத்தான் இன்னும் வந்து சேரல."

சிரித்தார். அந்த ஈரம் காய்வதற்குள் பேரத்தை முடித்தேன். அவர் தாருக்கு நான் இரண்டு பொட்டு. என் ஓரத்துக்கு அவர் ஒன்று. கையில் கூட அடித்தார்.

வெள்ளோட்டம் முடிந்து எண்ணியபோது ஆறும் தார் முதலிடத்தில் இருந்தது. என் சார்ட்டில் மூன்று பொட்டுகள். மூன்றும் நான் வைத்தவை. கோட்டப் பொறியாளர் தன்னுடைய ஐந்தையும் தலைமைப் பொறியாளருக்குப் பிடித்த ட்ரோனுக்கு அர்ப்பணித்திருந்தார்.

"என்ன சார், நம்ம டாபிக்குக்கே ஒண்ணு கூட வைக்கலியே?"

"ஒன் டாபிக்குக்கு நீ இருக்க. ட்ரோனுக்கு யாரு இருக்கா?"

3. மீன்

மிச்சமிருந்த நம்பிக்கை களப்பயணம். அதன் உண்மையான நோக்கம் தரங்கம்பாடி. கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடற்காற்றில் மீன் சாப்பாடு என்று ஏற்பாடு. வஞ்சிரம் வறுவலா குழம்பா என்று முதல் நாளே நடந்த விவாதத்தில் இருந்த அறிவுத் தீவிரத்தை எந்தத் தலைப்பிலும் நான் காணவில்லை. வழியில் கொஞ்சம் விலகி என் சாலையையும் காட்ட, கெஞ்சி அனுமதி வாங்கினேன். அந்தக் கடித்த முறுக்கைக் கண்ணால் பார்த்தால் மனசு மாறும் என்பது என் கணக்கு.

ராத்திரியே செல்வராணிக்கு போன் செய்தேன். "நாளைக்குப் பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க. ரோடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் பண்ணிராதீங்க."

"பாத்துக்குறேன் சார்" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் கொஞ்சம் உற்றுக் கேட்டிருக்கலாம்.

தை மாதம். சம்பா அறுப்பு. இரண்டு நாள் முன்னால் திடீர் மழை வேறு பெய்து ஓய்ந்திருந்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள் என்பதால் ஊரே நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிப் பரப்பியிருந்தது. சாலையின் ஒரு பாதி முழுக்க நெல், ஓரமாகக் காவலுக்குக் கற்கள். எங்கள் மினி பஸ் மிச்சப் பாதியில் ஊர்ந்தது. நான் எழுந்து நின்று, "இப்ப இடது பக்கம் பாருங்க, ஓரம் எப்படி அரிச்சிருக்குன்னு..." என்று ஆரம்பித்தேன்.

இடது பக்கம் ஓரம் அழகாக இருந்தது. அகலமாக, வழவழப்பாக, மெழுகிய தரை மாதிரி.

வாய்க்காலில் தூர் வாரிப் போட்டிருந்த களிமண்ணை விடிவதற்குள் அள்ளி வந்து, உடைந்த இடமெல்லாம் நிரப்பி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி வைத்திருந்தார்கள். முன்னால் செல்வராணி பட்டுப்புடவையில், கையில் இளநீருடன் நின்றார். நெல்லில் பாதி அவருடையது. டிரைவர் நெல்லின் பக்கமாக வண்டியைச் சற்று ஒடித்ததும் அவர் பாய்ந்து வந்தார்.

"தம்பி, தம்பி! நெல்லு மேல ஏத்திராதீங்க! அந்தாண்ட ஒதுங்கிப் போங்க, ஓரம் புதுசா கட்டிருக்கு!"

டிரைவர் நம்பினார். பஸ் ஒதுங்கியது. பிறகு மெல்ல, மரியாதையாக, இடது பக்கமாகச் சாய்ந்து அச்சு வரை உட்கார்ந்தது.

யாருடைய மடியிலிருந்தோ தலையாட்டி பொம்மை உருண்டு போய் ஜன்னலில் இடித்தது.

"இதுவும் டெமோவா சார்?" என்றார் ரகுராமன்.

வாசல் பக்கம் சேறு. டிரைவர் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கினோம். அவசரப்பட்டு வாசல் வழியே குதித்த ரகுராமனின் வெள்ளை ஷூ ஒன்றைக் களிமண் வைத்துக்கொண்டது. நான் செல்வராணியைத் தனியாக அழைத்தேன்.

"அப்படியே இருக்கட்டும்னுதானம்மா சொன்னேன்?"

"நல்லாருக்கே! விருந்தாளி வர்றப்ப கிழிஞ்ச பாயவா சார் விரிப்பாங்க? ஒங்க மானம் போயிரக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சு ஆள் வச்சு பூசியிருக்கோம். நீங்க என்னடான்னா..." கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார். "பஸ்ஸு போச்சா சார்?"

பஸ்ஸை இழுக்க டிராக்டர் தேடினேன். டிராக்டர்கள் எல்லாம் நெல் ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்றன. கடைசியில் தூரத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்த செயின் போட்ட அறுவடை வண்டி வேலையை முடித்துவிட்டு வந்து பஸ்ஸை இழுத்தது. அந்தச் செயின் தார் மேல் பல் வரிசை பதித்தபடி நகர்ந்ததை ரகுராமன் ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்தார். அதற்குள் மீன் நேரம் தாண்டிவிட்டது. செல்வராணி வீட்டிலிருந்து புளிச்சோறும் துவையலும் வந்தன. நன்றாகவே இருந்தது. ஆனால் வஞ்சிரத்தை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்குப் புளிச்சோறு எப்படி இருந்தாலும் புளிச்சோறுதான்.

4. புதுத் தலைப்பு

திரும்பும் வழியில் நான் உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தேன். களிமண் தன் கட்சியைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டது, இனி பொட்டு மழைதான் என்று நினைத்தேன். பொறியாளர்களைப் பற்றி இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ரகுராமன், புது ரப்பர் செருப்புச் சத்தத்துடன் மேடைக்குப் போனார். "ஒரு தலைப்பை நாம எல்லாருமே விட்டுட்டோம்" என்றார். புது சார்ட் ஒட்டப்பட்டது: "சாலைகளில் நெல் உலர்த்துவதைத் தவிர்க்கும் வழிமுறைகள்."

"கரெக்ட்! நெல்லு மட்டும் அங்க இல்லன்னா பஸ் ஏன் ஒதுங்கப் போவுது?"

"பஸ் ஒதுங்கலன்னா இந்நேரம் சாப்பிட்டிருப்போம் சார்!"

வரிசை கட்டி ஒட்டினார்கள். அந்த சார்ட் அம்மை போட்டது போல ஆகிவிட்டது. கோட்டப் பொறியாளர் கூட ட்ரோனுக்குத் துரோகம் செய்து ஒரு பொட்டு வைத்தார். அது முதலிடம். ஆறும் தார் இரண்டாவது, ட்ரோன் மூன்றாவது. என் ஓரத்தில் பழைய மூன்று பொட்டுகளே இருந்தன. அதிலும் ஒன்று பசை போய்க் கீழே விழுந்துவிட்டது.

செல்வராணி கூப்பிட்டார். "என்ன சார், ஜெயிச்சமா?"

"நெல்லு ரோட்டுல காயப் போடக் கூடாதுங்கறது ஜெயிச்சிருக்கு."

"அப்ப பஸ்ஸும் இல்ல, நெல்லுக்கும் எடமில்ல. ரொம்ப நல்லா ஆராய்ச்சி பண்றீங்க சார்." வைத்துவிட்டார். மறுநாள் காலை நான் பல் தேய்த்தபோது போன் வரவில்லை. அது வந்ததைவிட மோசமாக இருந்தது.

ஆனால் அந்த நிம்மதியற்ற பல்துலக்கலில்தான் எனக்குத் தோன்றியது. நெல்லைத் தாரில் போடாதே என்றால், போட வேறு இடம் தர வேண்டும். அந்த இடம் சாலையை ஒட்டியே இருந்தால்தான் ஆள் வருவார்கள். களிமண்ணில் தளம் நிற்க வேண்டுமென்றால் வயல் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். நெல் நனையாமல் இருக்கத் தண்ணீர் வடிய வேண்டும். தளம் உயரமாக, கெட்டியாக, சிமென்ட் கான்கிரீட்டில் இருக்க வேண்டும். இத்தனையையும் வரைந்து பார்த்தால், தடுப்புச் சுவருடன், வடிகாலுடன், அகலமான கெட்டி ஓரம் ஒன்று காகிதத்தில் உட்கார்ந்திருந்தது. மண்வெட்டி போட்டு அண்டை வெட்டினால் தீப்பொறிதான் வரும்.

முதலிடம் பிடித்த நெல் தலைப்பின் ட்ரையல் ஸ்ட்ரெச்சை என் சாலைக்கே கேட்டு எழுதி, தலைப்பு வைத்தேன்: "சாலையோர நெல் உலர் தளம் — ஒரு முன்னோட்டம்."

ரகுராமன் மதிப்பீட்டுக் குழுவில் இருந்தார். போனில் கேட்டார்: "இது நீங்க மொதல்ல சொன்ன டாபிக் மாதிரியே இருக்கே?"

"இல்ல சார். இதுல நெல்லு இருக்கு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும், ஒரு பொட்டு பாக்கியும் இருக்கு" என்றார். நல்ல மனிதர். ஷூவைப் பற்றி நான் பேசவில்லை.

கோட்டப் பொறியாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெல்லு காய வைக்க எதுக்குய்யா இவ்ளோ தடிமன்? இதுல பஸ்ஸே போலாம் போலருக்கே."

"சம்பா நெல்லு கனம் சார்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றி மேலே நான் எழுதிய கைக்குட்டை விஷயத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செல்வராணியிடம் போய்ப் படத்தை விரித்தேன். "தளம் போட்டா நெல்ல இதுல போடுவீங்களா?"

அவர் ஓரத்தின் அகலத்தை விரலால் அளந்தார். "மொதல்ல நீங்க போடுங்க சார்."

5. வெயில்

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தளம் முடிந்தது. டெப்போவிலிருந்து ஆள் வந்து, காலால் தட்டிப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தது. வயலில் தண்ணீர் நின்றது, ஓரம் நின்றது, பஸ்ஸும் நிற்காமல் வந்தது. காலை போன் மறுபடி தொடங்கியது. இப்போது தெருவிளக்கு பற்றி. அது என் துறையே இல்லை.

அடுத்த சம்பா அறுப்புக்கு ரகுராமன் தன் மாணவர்களுடன் முடிவைப் பதிவு செய்ய வந்தார். இந்த முறை கறுப்பு ஷூ. நானும் கோட்டப் பொறியாளரும் கூடப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

நெல் மொத்தமும் தார் மேல் காய்ந்துகொண்டிருந்தது. கற்கள் அதே பழைய கற்கள். சிமென்ட் தளம் பெருக்கி வைத்தது போலக் காலியாகக் கிடந்தது.

ரகுராமன் செல்வராணியைப் பார்த்தார். "என்னம்மா இது? ஒங்களுக்காகத்தானே போட்டது?"

"சிமென்ட்ல ஒரு வெயில் கூடக் கேக்குது சார். தாரு கருப்பு, சூடு சட்டுனு ஏறும். மத்தியானத்துக்குள்ள அள்ளிரலாம்." கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"அப்ப தளம் எதுக்கு?"

செல்வராணி பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னால், ஊர்ப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ஊர்ப் பஸ். நாங்கள் ஒதுங்கினோம். டிரைவர் நெல்லைப் பார்த்தார், வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை, ஒரு பக்கச் சக்கரங்களை ஏதோ பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறவர் போலத் தளத்தின் மேல் ஏற்றினார். தளம் முனகக்கூட இல்லை. ஒரு நெல் மணி நசுங்காமல் பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னலில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண், மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அம்மாவைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்குத் திருப்புதல் தேர்வு" என்றார் செல்வராணி.

கோட்டப் பொறியாளர் என் பக்கம் திரும்பி, "சம்பா நெல்லு கனம்தான்யா" என்றார்.

ரகுராமன் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தார். சாலையில் நெல் உலர்த்துவது நின்றதா? இல்லை. சாலை கெட்டதா? அதுவும் இல்லை. "இத வெற்றின்னு எழுதறதா, தோல்வின்னு எழுதறதா?" என்று என்னைக் கேட்டார்.

"டீ சாப்பிட்டீங்களா சார்?" என்றேன்.

இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இதுதான். முன்னுரிமை போடுகிறவர்களை மாற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களுக்கு எது முக்கியம் என்பதை அவரவர் வண்டி மாட்டிய இடமும் தவறவிட்ட சாப்பாடும் முடிவு செய்துவிடும். அவர்கள் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தடிமனை மட்டும் நீங்கள் போடுங்கள்.

அன்று மதியம் தரங்கம்பாடிக்குப் போய் எல்லோரும் மீன் சாப்பிட்டோம். போகும்போது எங்கள் வண்டியும் தளத்தின் மேல்தான் போனது. நெல் குறுக்கே கிடந்தது, என்ன செய்வது?